உடைய மறுத்த தட்டு

முதலில் வாய்திறப்பவரே பேரத்தில் தோற்பார் என்பதைக் குணவதி யாரிடமும் கற்கவில்லை. கனடாவில், ஸ்காபரோவின் மில்லிக்கன் பகுதியில் கூறைச்சேலைக் கடை தொடங்கிய காலத்தில் தானாகவே கண்டு தெளிந்தாள். சேலையை விரித்துப் போட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். வந்தவர் முந்தானையைத் தடவுவார், வெளிச்சத்திற்குப் பிடிப்பார், தாயைப் பார்ப்பார், தமக்கையைப் பார்ப்பார். ஈற்றில் தாமே ஒரு விலையைச் சொல்லி மாட்டிக்கொள்வார். இந்தக் கலையில் குணவதியை வெல்லக்கூடியவர் அந்தப் பிளாசாக் கடைத்தொகுதியில் ஒருவர்தான். சுவருக்கு அப்பால் முத்தும் நகையும் விற்கும் கிளடிஸ்.

இருவரும் போட்டிக்காரர்கள் அல்லர். கூறை எடுக்க வந்த மணப்பெண்ணைக் குணவதியே கையைப் பிடித்துக் கிளடிஸின் கடைக்குக் கூட்டிப்போவாள். நகை பார்க்க வந்தவளைக் கிளடிஸ் இந்தப் பக்கம் அனுப்பிவைப்பாள். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் கிளடிஸின் நீலப்பூப் பீங்கான் கோப்பைகளில் தேநீர் வரும். ஒவ்வொரு கோப்பைக்கும் கீழே அதற்கே உரிய சோசர். கிளடிஸ் மன்னாரிலிருந்து வந்து கனடாவில் முதன்முதலாக ஆசைப்பட்டு வாங்கிய பொருள் அந்தச் செற். அதில் ஒன்றைக்கூட அவள் பிறரைக் கழுவ விட்டதில்லை.

அப்படி ஓடிக்கொண்டிருந்த நட்பில் ஒரு மாசிப் பனிநாளில் ஒரு சிக்கல் விழுந்தது.

"அம்மா, நானும் ஜூலியும் கலியாணம் செய்யப் போறம்," என்றான் குணவதியின் மகன் கஜீவன். ஜூலி கிளடிஸின் மகள்.

குணவதிக்குக் கோபம் வரவில்லை. பல் முளைக்காத காலத்திலிருந்து அவள் அறிந்த பிள்ளை ஜூலி. வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பம் என்பது ஒரு பேச்சுத்தான். ஆனால் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பேச்சை யார் தொடங்குவது என்பதுதான் தீராத கேள்வி.

"எங்கட ஆக்களில பொம்பிளை பகுதிதான் கேட்டு வாறது. கிளடிஸ் வந்து கேக்கட்டும். நான் ஓம் எண்டு சொல்லுறன்," என்றாள்.

அதே நேரத்தில் சுவருக்கு அப்பால் கிளடிஸ் தன் மகளுக்கு வேறொரு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய குடும்பத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் கேட்டு வருவார்கள். அவர்கள் கேட்காமல் தன் பெண்ணைத் தானே கொண்டுபோய் நீட்ட முடியுமா?

ஆகவே இருவரும் நாள்தோறும் தேநீர் குடித்தார்கள். பனியைப் பற்றிக் கதைத்தார்கள். பிளாசாவில் கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றிக் கதைத்தார்கள். பனி உருகிய பிறகு, பனி உருகியதைப் பற்றிக் கதைத்தார்கள். பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. சேலையை விரித்துப் போட்டுவிட்டு இரண்டு வியாபாரிகளும் எதிரெதிரே மௌனமாக நின்றார்கள் என்றே சொல்ல வேண்டும்.

சித்திரையில் கஜீவன் பொறுமை இழந்தான். ஜூலி சரித்திரம் படிக்கிறவள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாணிபம் செய்த யூதப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். செப்டம்பரில் அதற்காக ஹம்பர்க் நகருக்குப் போகப்போகிறாள்.

"அவள் போறதுக்கு முதல் நீங்கள் ரெண்டு பேரும் கதைக்க வேணும். இல்லாட்டி நாங்கள் சிற்றி ஹோலில சைன் வைச்சிட்டுப் போயிடுவம். ஜஸ்ட் ஜீன்ஸோட."

குணவதி மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தாள். ஸ்காபரோவில் பாதி மணப்பெண்களுக்குக் கூறை உடுத்திவிட்டவள் அவள். அவளுடைய ஒரே மகன் முழங்காலில் கிழிந்த களிசானோடு கையெழுத்து வைத்துக் கலியாணம் முடிப்பதா? நாளைக்கு எந்தத் தாய் அவள் கடைப்படி ஏறுவாள்? ஆயினும் அடுத்த நாள் தேநீர் வந்தபோது, "உந்தப் பக்கத்து வீதியைத் திரும்பவும் கிண்டுறாங்கள், பாத்தீரே கிளடிஸ்?" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவளுடைய கணவர் பத்மநாதன் ஒரு கதை சொன்னார். அவர் மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை செய்பவர். நாள் முழுவதும் பிறருடைய பெட்டிகளைப் பார்க்கிறவருக்கு வீட்டுக்கு வந்ததும் விலங்குகளைப் பற்றிப் பேசவேண்டும் போலிருக்கும்.

"ரெண்டு உடும்பு ஒரு பொந்து வாசல்ல சந்திச்சதாம், குணம். மழை வரப்போகுது. 'நீங்கள் மூத்தவர், முதல்ல போங்கோ' எண்டுது ஒண்டு. 'நீங்கள் விருந்தாளி, நீங்கள்தான் முதல்' எண்டுது மற்றது. மழை கொட்டத் தொடங்கீட்டுது. ரெண்டும் நனைஞ்சு நடுங்கிக்கொண்டு இன்னும் மரியாதை கதைக்குதுகள். உள்ளுக்கு இருந்த தவளை எட்டிப் பாத்துச் சொல்லிச்சாம், 'உள்ளுக்கு வேண்டிய இடம் கிடக்கு. வாசல்தான் அடைபட்டுக் கிடக்கு' எண்டு."

"நான் உடும்போ?"

"நான் உடும்பைப் பற்றித்தான் சொன்னனான்."

"சோத்தைச் சாப்பிடுங்கோ," என்றாள் குணவதி. ஆனால் கதை தொண்டையில் முள்ளாக நின்றது.

இந்த நிலையில்தான் ஜூலி ஒரு நாடகம் எழுதினாள். வெக்ஸ்போர்ட் நூலகத்து மண்டபத்தில் இளவேனில் விழாவுக்காக, ஹம்பர்க்கிலிருந்து லைப்சிக் சந்தைக்குப் போகும் ஒரு யூத முத்து வியாபாரியின் கதை. வியாபாரியின் பெயர் ரைட்செல். அந்த வேடம் குணவதிக்கு. சந்தையில் அவள் சந்திக்கும் பிராக் நகரத்து வியாபாரி பிரெண்டல், கிளடிஸுக்கு. அவர்களை ஏற்றிவரும் வண்டிக்காரரும் கலியாணத் தரகரும் பத்மநாதன். கிளடிஸின் கணவர் அலெக்ஸாண்டர் திரை இழுப்பவர்.

ஞாயிறு காலையில், குணவதியின் கடை திறக்குமுன் ஒத்திகை நடந்தது. சேலைப் பெட்டிகளே வண்டி, அளவுகோலே சாட்டை. ஜூலி அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல, குணவதிக்கு ரைட்செல்லைப் பிடித்துப்போயிற்று. இடுப்பில் சாவிக்கொத்து, மடியில் குழந்தை, கையில் சல்லடை. பொடிமுத்தைச் சலித்துப் பருமன் வாரியாகப் பிரித்துக்கொண்டே பால் கொடுப்பாள். கணவன் கடிதம் எழுத, இவள் சரக்கைப் பார்த்து விலை தீர்ப்பாள். சேறும் பனியுமான பாதையில் வண்டி ஏறிச் சந்தைக்குப் போவாள். குணவதியும் கஜீவனைச் சட்டைத்துணிப் பெட்டிக்குள் படுக்கவைத்துக் காலால் ஆட்டிக்கொண்டே கூறை விற்றவள்தானே.

"மன்னாரில குளிச்ச முத்து ஒல்லாந்தரின்ரை கப்பல்ல ஏறிச் சிலவேளை இவையின்ரை கைக்கும் போயிருக்கும், அன்ரி," என்றாள் ஜூலி.

"அப்ப எங்கட முத்தை எங்கட ஆக்களுக்கே விக்கிறன்," என்று கிளடிஸ் மகிழ்ந்தாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் ரைட்செல் கடையைப் பூட்டி விளக்கேற்றும் காட்சியில் மட்டும் குணவதி தடங்கினாள்.

"வெள்ளி பின்னேரம்தானே சனம் வாறது? அப்ப பூட்டினால் ஆர் வாங்குறது?"

"நான் ஞாயிறு பூசைக்குப் பூட்டுறன்தானே, குணமக்கா. சனம் திங்கள் வருது."

"ஞாயிறு நீர் பூட்டினால் சனம் என்னட்டை வந்து நிண்டு உம்மட கதவைப் பாக்குது. அதுகளை மறிச்சு வைக்கிறது ஆர்?"

அடுத்த சண்டை குடிவகையைப் பற்றியது. சந்தையில் அந்தப் பெண்கள் பியர் குடித்திருப்பார்கள் என்றாள் ஜூலி. இரண்டு தாய்மாரும் ஒருமிக்க மறுத்துத் தலையசைத்தார்கள்: மேடையில் நின்று பியர் குடிக்க முடியாது, அது வெறும் அப்பிள் சாறாக இருந்தாலும் முடியாது. தேநீர்தான். கிளடிஸ் தன் நீலப்பூச் செற்றையே கொண்டுவருவதாகச் சொன்னாள். ஜூலி தன் பேராசிரியர் வராமல் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு சம்மதித்தாள்.

மூன்றாவது சண்டைதான் பெரியது. நாடகத்தின் முடிவில், தரகர் பேச்சைத் தொடங்க, பிரெண்டலின் மகளை ரைட்செல்லின் மகனுக்குப் பேசி முடிப்பார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி இரு தாய்மாரும் ஒரு பீங்கான் தட்டைச் சேர்ந்து பிடித்து உடைப்பார்கள். உடைந்தது ஒட்டாது, அதுபோலக் கொடுத்த வாக்கும் திரும்பாது.

"கலியாணக் காரியத்தில பீங்கான் உடைக்கிறதோ?" குணவதி இரண்டு காதையும் பொத்தினாள். "என்ரை கடையில ஒரு கண்ணாடிப் பேணி விழுந்தாலே அண்டைக்கு விக்காது."

"வெள்ளிக்கு வெள்ளி கடை வாசல்ல தேங்காய் உடைக்கிறாய். அது மட்டும் என்னவாம்?" என்றார் பத்மநாதன்.

"அது தேங்காய்."

"அதுவும் உடையுதுதானே?"

"தேங்காயும் பீங்கானும் ஒண்டோ?" இதற்கு மேல் வாதமில்லை. மேடைப் பொருள்களுக்குப் பொறுப்பு குணவதி. அவள் யாருக்கும் சொல்லாமல் ஒரு டொலர் கடையில் தங்கக்கரை போட்ட அழகான தட்டொன்றை வாங்கி வைத்துக்கொண்டாள். பார்வைக்குப் பீங்கான், உண்மையில் மெலமைன் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக். காரின் கீழ் போட்டாலும் உடையாது. மெல்லக் கீழே வைப்பாள். உடையும் சத்தத்தை ஜூலி கணினியில் போட்டுவிட்டால் சகுனமும் கெடாது, சரித்திரமும் கெடாது என்று எண்ணினாள். கணினியில் சத்தம் வேண்டுமென்று ஜூலியிடம் சொல்லத்தான் மறந்துபோனாள்.

விழாவன்று மண்டபம் நிறைந்தது. வண்டிக் காட்சி முடிந்தது. ஆனால் அதில் வண்டிக்காரர் இல்லை. பத்மநாதன் வேலை முடிந்து வரும் வழியில் 401 நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார். குணவதியே சாட்டையைப் பிடித்துச் சமாளித்தாள். சந்தைக் காட்சியில் கிளடிஸ் முத்துக்களைக் கறுப்பு வெல்வெட்டில் உருட்டியபோது சபை மூச்சை அடக்கிப் பார்த்தது. பிறகு தேநீர் ஊற்றப்பட்டது. இனித் தரகர் வந்து சம்பந்தத்தைத் தொடங்க வேண்டும்.

தரகர் வரவில்லை.

இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பேச்சைத் தொடங்க ஆள் இல்லை. மாசியிலிருந்து பழகிய மௌனம் அப்படியே மேடையில் வந்து உட்கார்ந்தது. குணவதி தேநீரை ஊதினாள். கிளடிஸ் ஊதினாள். முன்வரிசையில் ஒருவர், "நல்ல நடிப்பு," என்று பக்கத்தவரின் காதில் சொன்னார். திரைமறைவில் ஜூலி கையை விதவிதமாக ஆட்டினாள். மூன்றாம் வரிசையில் கஜீவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியில் கிளடிஸ் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள்.

"ரைட்செல் அம்மையே, நாம் பேசவேண்டியது யாவும் பேசியாயிற்று. தட்டை உடைப்போம்," என்றாள் நல்ல நாடகத் தமிழில். ஒரு சொல்லும் பேசாமலே பேச்சு முடிந்துவிட்டது.

குணவதியும் தப்பித்தோம் என்று தட்டை எடுத்தாள். மெல்ல வைக்கலாம் என்று அவள் நினைக்க, தட்டு உண்மையானதென்று நம்பிய கிளடிஸ் மறுபக்கத்தைப் பிடித்து ஓங்கிப் போட்டாள். தட்டு தரையில் பட்டு எழும்பியது. எழும்பி, விளிம்பில் நின்று, மேடையைச் சுற்றி ஒரு வட்டம் ஓடி, குணவதியின் காலடியிலேயே வந்து படுத்தது. கிளடிஸ் எடுத்துத் திரும்பவும் போட்டாள். திரும்பவும் ஓடியது. மண்டபம் சிரிப்பில் குலுங்கியது.

கிளடிஸ் தட்டைக் கையில் எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தாள். பொய்முத்தைக் கண்டுபிடித்தவளின் முகம் அவளுக்கு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சபையைப் பார்த்தாள்.

"பேசாமல் முடிச்ச பேச்சு எண்டு இதுக்கு விளங்கீட்டுது. அதுதான் உடையமாட்டன் எண்டுது."

அது ஜூலி எழுதிய வசனம் இல்லை. பிராக் நகரத்துத் தமிழும் இல்லை. குணவதி தன் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தாள். அதில் இருந்தவை ரைட்செல்லின் சாவிகள் அல்ல, அவளுடைய கடைச்சாவிகள். மூன்றாம் வரிசையில் கஜீவன் நிமிர்ந்து தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கும் ஜீன்ஸ்தான் போட்டிருந்தான், முழங்காலில் கிழிந்தது. செப்டம்பர் மாதம் அந்தக் கிழிசலுக்குள்ளால் எட்டிப் பார்த்தது போலிருந்தது.

வாழ்க்கையில் முதன்முறையாகக் குணவதி பேரத்தில் முந்திக்கொண்டாள்.

"சரி, கேளும் பிரெண்டல். என்ரை பொடியனுக்கு உம்மட பெட்டையைத் தாரும்."

கிளடிஸ் உடனே பதில் சொல்லவில்லை, வழக்கம் விடாதல்லவா? கோப்பையைச் சோசரில் வைத்தாள். பிறகு அவளுடைய கண் கலங்கி, வாய் சிரித்தது.

"இதைக் கேக்கிறதுக்கு இவ்வளவு நாளோ, குணமக்கா?"

சபையில் ஒரு சலசலப்பு ஓடியது. கஜீவன் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துவிட்டு, யாரென்று தெரியாமல் விட்டான்.

"நான் கேட்டிட்டன். இனி நீர் சொல்லும். எங்க தாலி?"

"சேர்ச்சில. காலமை."

"காலமை கோயில். பின்னேரம் சேர்ச்."

"பாதர் காலமைதான் நேரம் தருவார்."

"ஐயரும் காலமைதான் முகூர்த்தம் வைப்பார்."

"ஐயரை என்னட்டை விடுங்கோ. அவரின்ரை மனுசி என்னட்டைத்தான் சங்கிலி எடுக்கிறவ."

"பாதரை என்னட்டை விடும். அவரின்ரை தங்கச்சிக்குக் கூறை குடுத்தது ஆர்?"

"அப்ப சனி கோயில், ஞாயிறு சேர்ச்," என்றாள் கிளடிஸ்.

"ரெண்டு நாளும் கூறை மாத்தலாம்," என்று குணவதியின் வியாபார மூளை உடனே கண்டுகொண்டது. "சாப்பாடு மரக்கறி."

"மன்னாரில இருந்து வாற என்ரை தமையனுக்கு மரக்கறி போட்டால் அவர் அடுத்த பிளேனில ஏறிடுவார்."

"சனி எங்கட சாப்பாடு, ஞாயிறு உங்கட. உம்மட தமையனை ஞாயிறு வரச் சொல்லும்."

பின்வரிசையில் ஒருவர், "அந்தக் காலத்திலேயே ஹம்பர்க்கில கோயில் இருந்ததோ?" என்று கேட்டார். "இருந்திருக்கும். எங்கட ஆக்கள் எங்கதான் இல்லை?" என்று மற்றவர் சமாதானம் சொன்னார்.

"கூறை?" என்று கேட்டாள் கிளடிஸ்.

"அதில கைவையாதையும். அது என்ரை கடை."

"அப்ப முத்து என்ரை. கழுத்துக்கும் காதுக்கும்."

"முத்துக்கு நான் விலை கேக்கேல்லை."

"கூறைக்கு நானும் கேக்கேல்லை."

இரண்டு வியாபாரிகளும் பேசி முடித்த எல்லாப் பேரங்களிலும் விலையே சொல்லாமல் முடிந்தது அது ஒன்றுதான். உடைக்கத்தான் ஒன்றும் இல்லை. குணவதி மெலமைன் தட்டைக் குற்றவாளிபோலப் பார்த்தாள். அப்போது கிளடிஸ் குணவதியின் கோப்பையைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, அதன் கீழிருந்த நீலப்பூச் சோசரை எடுத்தாள்.

"வேண்டாம் கிளடிஸ். செற் குறைஞ்சு போம்," என்று குணவதி பதறினாள்.

"குறையட்டும். பிடியுங்கோ, குணமக்கா."

கண்ணாடிப் பேணி விழுந்தால் அன்றைக்கு விற்காது என்று நம்பிய அதே கை, சோசரின் ஒரு விளிம்பைப் பிடித்தது. ஒருமிக்க விட்டார்கள். தரையில் பட்டதும் அது கணீரென்று உடைந்து நாற்புறமும் சிதறியது. அந்தச் சத்தம் சிதறுதேங்காய்ச் சத்தம் போலவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளக் குணவதிக்கு அவ்வளவு சங்கடமாக இருக்கவில்லை.

திரை விழவில்லை. அலெக்ஸாண்டர் கயிற்றைப் பிடித்தபடி, தன் மகளுக்கு இரண்டு நாள் கலியாணம் பேசி முடிந்ததைக் கேட்டு வாய்பிளந்து நின்றார். அந்த நேரத்தில்தான் தரகரின் தொப்பியோடு பத்மநாதன் மேடைக்கு ஓடிவந்தார்.

"தாய்மார்களே! உங்கள் இருவருக்கும் ஏற்ற ஒரு நல்ல சம்பந்தத்தோடு வந்திருக்கிறேன்," என்றார் மூச்சிரைக்க.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அவ்வளவு நல்ல வசனத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை என்று பிறகு பலர் சொன்னார்கள். ஜூலி மேடைக்கு வந்து சோசரின் துண்டுகளைப் பொறுக்கினாள். அவற்றை மணமாகாத தோழிகளுக்குக் கொடுப்பது வழக்கமாம். கடையில் குணவதிக்கு உதவியாக நிற்கும் துர்க்கா வரிசையில் முந்திவந்து, இருப்பதில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

எல்லோரும் வெளியே வந்தபோது குணவதி கார்த் தரிப்பிடத்தில் நின்று, பத்மநாதனின் காருடைய முன்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இப்போதுதான் மிசிசாகாவிலிருந்து ஓடிவந்த காரென்றால் அது சுட வேண்டும். சில்லென்று குளிர்ந்திருந்தது.

"401இல அவ்வளவு நெரிசலோ?" என்று கேட்டாள்.

பத்மநாதன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வாசல்ல ரெண்டு நிக்கேக்கை மூண்டாவதா நானும் ஏன் நிப்பான் எண்டு யோசிச்சன், குணம்."

அவள் திட்டுவதற்கு வாயெடுத்தாள். பிறகு மனம் மாறி, காரில் ஏறிக் கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள்.

மறுநாள் மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் வழக்கம்போலத் தேநீர் வந்தது. கிளடிஸின் கோப்பைக்குச் சோசர் இருந்தது. குணவதியின் கோப்பை, தங்கக்கரை போட்ட மெலமைன் தட்டின் நடுவே, குளத்தில் ஒற்றைத் தாமரை போல நின்றது.

"புதுச் சோசர் ஒண்டு வாங்கித் தாறன்," என்றாள் குணவதி.

"வேண்டாம். இது விழுந்தாலும் உடையாது. பேரப்பிள்ளைக்கும் உதவும்."

"பேரப்பிள்ளைக்கு ஆரின்ரை பேர் வைக்கிறது?"

கிளடிஸ் பதில் சொல்லவில்லை. தேநீரை எடுத்து மெல்ல ஊதினாள். குணவதியும் ஊதினாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு தாயும் மகளும் காரை நிறுத்திவிட்டு, எந்தக் கடைக்குள் முதலில் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.